ஸ்பெயினில் கூட்டமில்லாத கிராமத்து ஊர் எது? அப்பா அம்மாவோடு போகிறோம்

திருநகர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி மாட்ரிட்டில் வேலையில் இருக்கிறான், ரொம்ப நாளாக வா வா என்கிறான். இந்த அக்டோபர் பின்பாதியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கிளம்பலாம் என்று இருக்கிறோம். கொஞ்ச நாள் தம்பி வீடு, அப்புறம் நாலைந்து நாள் வெளியூர். இந்த வெளியூர் எது என்பதில்தான் வீட்டில் தினமும் பட்டிமன்றம்.

டிராவல்ஸில் கேட்டால் பார்சிலோனா, செவில்லா, கிரனாடா என்று ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். அப்பா கேட்டவுடனே வேண்டாம் என்றுவிட்டார். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தாச்சு, காசு கொடுத்து விமானம் ஏறிப் போய் இன்னொரு கூட்டத்தில் நசுங்கணுமா என்கிறார். அவர் வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல் போட்டவர். அந்த ஊரில் என்ன விளைகிறது, கிணறு எத்தனை அடி, சாயங்காலம் ஆட்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், இதுதான் அவருக்குப் பார்க்கவேண்டும். அரண்மனையும் அருங்காட்சியகமும் காட்டினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

சிக்கல்கள்: அப்பாவுக்கு முழங்கால் வலி, மேடு ஏறமாட்டார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்கள் யாருக்கும் அங்கே கார் ஓட்டத் தைரியம் இல்லை. தம்பிக்கு லீவு கிடைக்காது, மொழி தெரிந்த ஆள் கூட இருக்கமாட்டார். இதற்கெல்லாம் ஒத்துவருகிற ஊர் இருக்கிறதா, இல்லை பேசாமல் மாட்ரிட்டிலேயே இருந்துவிட்டு வருவதா?

கூடல்நகர்:

இருக்கிறது. அல்மாக்ரோ. மாட்ரிட்டுக்குத் தெற்கே லா மான்ச்சா சமவெளியில் ஒன்பதாயிரம் பேர் அளவில் உள்ள ஊர். நான் மாட்ரிட்டில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை ஆனால் மூச்சு விடுவதற்கு ஓடிப்போகிற ஊர்களில் அது ஒன்று.

முதலில் உங்கள் அப்பாவின் முழங்கால். ஸ்பெயினில் அழகான பழைய ஊர் என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் அது ஒரு குன்றின் மேல் இருக்கும், கோட்டை, மதில், அதற்குள் செங்குத்துச் சந்துகள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மூட்டுக்கு ஆகாது. அல்மாக்ரோ தட்டையான ஊர். நடுவில் நீளவாக்கில் ஒரு சதுக்கம், இரண்டு பக்கமும் கல்தூண் வரிசை, அதன் மேல் இரண்டு அடுக்காகப் பச்சை வண்ணம் அடித்த மரச்சட்டக் கண்ணாடி ஜன்னல்கள். தூண்களுக்கு அடியில் நிழலில் காப்பிக்கடை நாற்காலிகள். உங்கள் அப்பா அங்கே ஒரு நாற்காலியைப் பிடித்தார் என்றால் ஊரே அவர் முன்னால் நடந்துபோகும். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குத் தாத்தா பாட்டிகள் ஜோடி ஜோடியாக வருவார்கள், பையன்கள் பந்து உதைப்பார்கள், யாரும் யாரையும் விரட்டமாட்டார்கள்.

அந்த ஊருக்கு இப்படி ஒரு சதுக்கம் எப்படி வந்தது என்பது தனிக் கதை. அதே மாகாணத்தில் அல்மதேன் என்று உலகத்திலேயே பெரிய பாதரசச் சுரங்கம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஃபுக்கர் வங்கிக் குடும்பம் அதைக் குத்தகைக்கு எடுத்து, அல்மாக்ரோவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது. அமெரிக்காவில் வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டும், ஆக இந்தச் சின்ன ஊர் வழியாகப் பணம் ஆறாக ஓடியிருக்கிறது. அந்தக் காலத்துக் கிடங்கு வீடு இன்னும் நிற்கிறது. சதுக்கத்தை ஒட்டியே 17-ஆம் நூற்றாண்டு நாடகக் கொட்டகை ஒன்று, முற்றமும் மர மாடங்களுமாக. ரொம்ப காலம் சத்திரத்துக்குள் மறைந்து கிடந்ததை 1950களில் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் அதில் நாடகம் போடுகிறார்கள். ஜூலை மாதம் முழுக்க நாடக விழா, அப்போது மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். அக்டோபருக்குக் கவலை இல்லை.

போவது சுலபம். மாட்ரிட் அடோச்சா நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சியுதாத் ரியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து அல்மாக்ரோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான், சாதாரண ரயில் நாளுக்குச் சில தடவை போகிறது, இல்லாவிட்டால் டாக்ஸி. நான்கு பேர் என்பதால் டாக்ஸி கட்டுப்படியாகும்.

மேலூர்க்காரன்:

கூடல்நகர் அண்ணன் சொல்வதில் குறை இல்லை, ஆனால் அல்மாக்ரோ மாட்ரிட்காரர்களின் வார இறுதி ஊர், அதைக் கிராமம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நிஜமாகவே ஆள் அரவம் இல்லாத இடம் வேண்டும் என்றால் தெருவெல் மாகாணத்துக்குப் போகணும். மதுரை மாவட்டத்தைப்போல நான்கு மடங்கு பரப்பு, மொத்த மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடாது. எங்கள் மாவட்டமும் இருக்கிறது என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்காகவே ‘தெருவெல் இருக்கிறது’ என்ற பெயரில் இயக்கம் நடத்தியவர்கள் அவர்கள், பிறகு அதே பெயரில் தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்கும் போனார்கள்.

அங்கே அல்பர்ரசின் என்று ஒரு ஊர். ஆயிரம் பேர் சுமார். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், மூன்று பக்கம் ஆறு சுற்றி வளைக்கிற பாறை முனையில் வீடுகள், சுவர் எல்லாம் வெளிர் சிவப்பு, அந்த ஊர் மண்ணும் ஜிப்சமும் கலந்து பூசுகிற பூச்சு. மேல்மாடி கீழ்மாடியை விடத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், சில சந்துகளில் எதிரெதிர் வீட்டுக் கூரைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். கார் மட்டும் வேண்டும். மதுரை ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். கியர் இல்லாத வண்டிதான் வேண்டும் என்றால் முன்கூட்டியே பதிவு செய்யணும், வாடகையும் அதிகம்.

அப்பாவைக் கீழே ஆற்றங்கரைப் பாதையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வரலாமே.

கூடல்நகர்:

தம்பி, முழங்கால் வலிக்காரரை ஆற்றங்கரையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஊர் பார்ப்பதற்கு அவரை எதற்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப்போகணும்?

பழங்காநத்தம்:

அப்பாவுக்கு விவசாயம்தானே பிடிக்கும், மாடு பிடிக்காதா? செகோவியா மாகாணத்தில் குவெய்யார் என்று ஒரு ஊர், ஸ்பெயினிலேயே பழைய காளை ஓட்டம் எங்களுடையதுதான் என்று மார்தட்டுகிறார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஆரம்பம். வயல்வெளியில் குதிரைக்காரர்கள் காளைகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் கொண்டுவருவார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பார்த்த கண்ணுக்கு அதையும் காட்டலாம் என்று நினைத்தேன். அக்டோபர் என்கிறீர்கள், சரி, அடுத்த தடவை.

வைகைக்கரை:

மாடு ஓட்டம் அங்கே வாடிவாசல் மாதிரி முடியாது, பெரும்பாலும் மாலையில் அந்தக் காளையை அரங்கில் கொல்கிறார்கள். மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற குடும்பத்து ஆளுக்கு அது சந்தோஷமாக இருக்காது. அதை விடுங்கள்.

நான் சொல்லவந்தது வேறு. கூட்டமில்லாத கிராமம் என்று இங்கே உட்கார்ந்து கேட்கும்போது நம் மனசில் ஓடுவது ஒரு படம். அங்கே ஏன் கூட்டம் இல்லை என்று யோசித்தால் படம் மாறும். 2024-இல் மட்டும் ஸ்பெயினுக்கு 9 கோடியே 38 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், அந்த நாட்டு மக்கள்தொகையே 5 கோடியைத் தொடவில்லை. பார்சிலோனாவில் உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்து எதிர்ப்புக் காட்டியதும் அதே வருடம்தான். ஆனால் அதே நாட்டில் எட்டாயிரத்து நூற்றுக்கு மேல் உள்ளாட்சிகள், அவற்றில் பாதிக்கு மேல் ஆயிரம் பேர்கூட இல்லாதவை. 1950 தொடங்கி எழுபதுகள் வரைக்கும் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவ் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது வயசானவர்கள். காலியான ஸ்பெயின் என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால் ரொம்பச் சின்ன ஊராகத் தேடாதீர்கள். இருநூறு பேர் ஊரில் மளிகைக்கடையே இருக்காது, ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும், அந்த நேரத்துக்குப் பையோடு நிற்கணும். இருக்கிற ஒரே காப்பிக்கடையும் வாரத்தில் பாதி நாள் பூட்டு. பஸ் பள்ளிக்கூட நாளில் மட்டும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகக் கிடையாது. நம் ஊரில் ஆட்டோ பிடிப்பதுபோல் அங்கே எதுவும் பிடிக்கமுடியாது, டாக்ஸிக்காரரை முந்தின நாளே போன் போட்டுச் சொல்லணும், அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் இருப்பார், அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கு நீங்கள் நடைதான். காரும் மொழியும் இல்லாத நாலு பேருக்கு ஐயாயிரம், பத்தாயிரம் பேர் ஊர்தான் சரி. மருந்துக்கடை, ரயில், சந்தை மூன்றும் இருக்கும். அந்தக் கணக்கில் அல்மாக்ரோவுக்கு என் ஓட்டு. ஆனால் நாலைந்து ராத்திரி ஒரே ஊரில் என்பது அதிகம், மூன்றுக்கு மேல் அம்மாவுக்கு அலுத்துவிடும்.

இன்னொன்று, நாம் தூங்கா நகரத்து ஆட்கள். அங்கே ராத்திரிச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் ஆரம்பிக்கும், நமக்கு அது பிரச்சினையே இல்லை. பகல்தான் தூங்கும். இரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கினால் ஐந்து மணிக்குத்தான் ஏறும், தெருவில் ஈ காக்கா இருக்காது. மத்தியானச் சாப்பாடு இரண்டிலிருந்து மூன்றரைக்குள். பன்னிரண்டு மணிக்குப் பசிக்கிறது என்று போய் நின்றால் அடுப்பே பற்றவைத்திருக்கமாட்டார்கள்.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மேலூர்க்காரன் போட்ட ஊரைத் தேடிப் பார்த்தேன், கண்ணிலேயே நிற்கிறது, ஆனால் அந்தப் படிக்கட்டுச் சந்துகளை அப்பா பார்த்துவிட்டு போனைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அல்மாக்ரோ அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உடனே கேள்வி, சுற்றிலும் என்ன விவசாயம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. அம்மாவுக்கு ஒரே கேள்வி, சாப்பாடு. கூடல்நகர் அண்ணன் கொஞ்சம் விரிவாகச் சொல்லமுடியுமா?

கூடல்நகர்:

அப்பா கேட்ட கேள்வி அந்த மண்ணுக்கே உயிர்க் கேள்வி, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

லா மான்ச்சா மழை குறைந்த பூமி, வருடத்துக்கு 400 மில்லிமீட்டர் சுமாராகத்தான் பெய்யும், மதுரையில் பெய்வதில் பாதி. அதற்கேற்ற பயிர்தான் போடுவார்கள்: திராட்சை, ஆலிவ், கோதுமை, பார்லி. திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்குப் பந்தலை நினைக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்குக் குத்துச்செடியாக, ஒன்றுக்கொன்று தாராளமாக இடம் விட்டு நட்டிருப்பார்கள், வேருக்குக் கிடைக்கிற ஈரம் போதணும் என்பதற்காக. அக்டோபர் பின்பாதியில் பறிப்பு ஏறக்குறைய முடிந்து இலை சிவக்கத் தொடங்கியிருக்கும்.

அந்தக் காலத்தில் இறைவைக்குப் பல்சக்கரம் பூட்டிக் கோவேறு கழுதையைச் சுற்ற விடுவார்கள், சக்கரத்தில் கோர்த்த வாளிகள் வரிசையாகத் தண்ணீரை மேலே கொட்டும். நம் கமலை மாடு போய்ப் போய்த் திரும்பும், அது வட்டமாகச் சுற்றும். வயல் ஓரங்களில் அந்தக் கிணறுகள் சில இன்னும் கிடக்கின்றன. அறுபது, எழுபதுகளில் ஆழ்குழாயும் மோட்டாரும் வந்தன. அதற்கப்புறம் நடந்தது உங்கள் அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். குவாதியானா ஆற்றுக்கு நிலத்தடியிலிருந்து ஊறிக்கொண்டிருந்த ஊற்றுக்கண்கள் 1980களில் வற்றின. பக்கத்து ஊரான தைமியெலில் 1973-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பெரிய சதுப்புநிலம் இருக்கிறது, பறவைகளுக்குப் பேர்போன இடம். 2009-இல் அந்தச் சதுப்பு காய்ந்து, அடியில் இருந்த கரிமண் தானாகப் புகையத் தொடங்கிவிட்டது, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. இப்போதும் மழையைப் பொறுத்துத்தான். மரப்பாலம் போட்ட நடைபாதை உண்டு, சமதளம், அப்பா தாராளமாக நடப்பார். கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் இருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ந்து கிடந்தாலும் ஒரு விவசாயிக்கு அது பார்க்கவேண்டிய இடம் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் குங்குமப்பூ. அக்டோபர் கடைசியில் பூக்கும். விடியற்காலையில் குனிந்து குனிந்து பறித்து, வீட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்றே மூன்று சிவப்பு இழைகளைக் கையால் கிள்ளி எடுப்பார்கள். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூவாவது வேண்டும். கொன்சுவெக்ரா என்ற ஊரில் அந்த மாதக் கடைசியில் இதற்கென்று விழாவே நடக்கிறது, மேட்டில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். அங்கே கூட்டம் இருக்கும், சொல்லிவிட்டேன்.

இனி அம்மா. நேராகவே சொல்கிறேன், உள்நாட்டு ஸ்பெயினில் சைவம் கஷ்டம். மாமிசம் வேண்டாம் என்றால் பன்றித் தொடைக்கறித் துண்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், அது அவர்களுக்கு உப்பு, மிளகு மாதிரி. காய்கறி சாண்ட்விச் என்று எழுதியிருக்கும், உள்ளே சூரை மீனும் முட்டையும் இருக்கும். பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்பு பார்க்க நம்முடையது மாதிரி இருக்கும், அடியில் கொழுப்புத் துண்டு. கேசரிப் பருப்பு மாவில் ஒரு களி செய்கிறார்கள், அதுவும் பன்றிக்கொழுப்பில். லா மான்ச்சாவில் கஸ்பாச்சோ என்றால் குளிர்ந்த தக்காளிச் சூப் வரும் என்று நம்பி விடாதீர்கள், அங்கே அந்தப் பெயரில் முயல் கறியும் ரொட்டித் துண்டும் போட்ட சூடான குழம்பு வரும். இதனால் கறி வேண்டாம், பன்றி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று நான்கையும் தனித்தனியாக ஒரு அட்டையில் தம்பியை ஸ்பானிஷில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை நீட்டினால் போதும்.

அம்மா சாப்பிடக்கூடியது என்னவென்றால், அசாதீயோ என்று ஒன்று: சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், தக்காளி, பூண்டு, சீரகம், ஆலிவ் எண்ணெய். சீரக வாசம் மூக்கில் ஏறியதும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லணும். பிஸ்தோ என்று குடைமிளகாய், தக்காளி போட்ட தொக்கு, அதுவும் முட்டை இல்லாமல். இந்த ஊரின் பெருமையே கத்தரிக்காய்தான். சின்னச் சின்னப் பச்சைக் கத்தரி, காம்பும் அதைச் சுற்றிய இலைப்போர்வையும் கழற்றாமல் வேகவைத்து, வயிற்றைக் கீறி உள்ளே ஒரு சிவப்பு மிளகாய்ப் பட்டையைச் செருகி, பெருஞ்சீரகத் தண்டில் உடைத்த குச்சியால் குத்தி மூடி, காடி, பூண்டு, சீரகம் போட்ட ஊறலில் போட்டுவிடுவார்கள். காம்பைப் பிடித்துத் தூக்கிக் கடிக்கணும், காடித் தண்ணீர் மணிக்கட்டு வரைக்கும் வழியும், பக்கத்தில் டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள். நல்ல புளிப்பு. சோற்றுக்குத் தொட்டுக்க ஜோராக இருக்கும், அதை யாரும் அங்கே சோற்றோடு சாப்பிடமாட்டார்கள் என்பது வேறு. அந்தக் கத்தரி சுற்று வட்டார ஊர்களில்தான் விளைகிறது, பக்கத்து ஊர் பொலான்யோஸ் போனால் அப்பா செடியையே பார்க்கலாம்.

தல்லாகுளம்:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. தம்பி வீட்டில் தங்குவதாக விண்ணப்பத்தில் காட்டினால், தம்பி அங்கே போலீஸ் நிலையத்தில் அழைப்புக் கடிதம் வாங்கவேண்டும். அதற்கு முன்பதிவு, கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு, கடைசி மாதத்தில் ஆரம்பித்தால் கைக்கு வராது. இப்போதே அவனைக் கிளப்புங்கள். கிராமத்து ஊரில் தங்கும் நாட்களுக்கு அறைப் பதிவு ரசீது தனியாக. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் இருந்தே போடலாம். கைரேகைக்குச் சென்னைக்கு நேரில் போகணும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஒரே நாளில் நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் நடையாய் நடக்கவேண்டியதுதான்.

அக்டோபர் 12 அவர்கள் தேசிய நாள், விடுமுறை. அதை ஒட்டி நீண்ட வார இறுதி வந்தால் சின்ன ஊர் எல்லாம் நிரம்பிவிடும். நவம்பர் 1-ம் அப்படித்தான், அன்றைக்குக் கல்லறைக்குப் பூ வைக்க எல்லோரும் சொந்த ஊருக்கு வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் போங்கள்.

மேலூர்க்காரன்:

கார் இல்லை, படி இல்லை என்று முடிவானபிறகு நான் வாதாடவில்லை. ஆனால் வைகைக்கரை சொன்னபடி மூன்று ராத்திரிதான் அல்மாக்ரோ என்றால், மிச்சத்துக்கு மாட்ரிட்டிலிருந்து ஒரு நாள் சிகுவென்சா போய்விட்டு வரலாம். சாமார்த்தின் நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்குக் கோட்டை மாதிரி ஒரு பேராலயம். உள்ளே ஒரு கல்லறைச் சிற்பம் இருக்கிறது, 1486-இல் கிரனாடா போரில் செத்துப்போன ஒரு வாலிப வீரன். கல்லறைச் சிற்பம் என்றால் கைகூப்பி மல்லாந்து படுத்திருப்பதுதான் வழக்கம். இவன் ஒரு முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, காலை ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொண்டு, புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். அலபாஸ்டர் என்கிற வெளிர்நிற மென்கல்லில் செதுக்கியது. மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள். பேராலயம் ஸ்டேஷனிலிருந்து லேசான ஏற்றம்தான், கோட்டைதான் மேலே. அப்பா பேராலயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திருநகர்வாசி:

நல்ல யோசனை, சிகுவென்சாவைச் சேர்த்துவிட்டோம். கத்தரிக்காய் விஷயத்தை அம்மாவிடம் படித்துக்காட்டினேன், அதில் எண்ணெய் எவ்வளவு ஊற்றுவார்கள் என்று கேட்கிறார். கடைசியாக இரண்டு கேள்வி. ஓட்டலா, வீடு மாதிரி வாடகைக்கு எடுப்பதா? வாரத்தில் எந்த நாள் போவது நல்லது?

கூடல்நகர்:

எண்ணெய் துளிதான், காடிதான் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வீடு எடுங்கள், சமையலறையோடு. முன்பதிவு செய்யும்போதே தரைத்தளம் வேண்டும் என்று எழுதுங்கள், பழைய வீடுகளில் லிப்ட் இருக்காது. அரிசி, தயிர், தக்காளி, வெங்காயம், பருப்பு எல்லாம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். தயிர் வாங்கும்போது இனிப்புச் சேர்க்காதது என்று பார்த்து எடுக்கணும். புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி மட்டும் இங்கிருந்து. குக்கர் தூக்கிப் போகிறவர்கள் இண்டக்ஷன் அடுப்பில் உட்காருகிற அடிப்பாகம் உள்ளதாக எடுத்துப்போங்கள், அங்கே வாடகை வீடுகள் பலவற்றில் அதுதான், அலுமினியக் குக்கர் சும்மா உட்கார்ந்திருக்கும். நம் கனமான மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் நுழையும்.

நாள் என்றால் செவ்வாய் போய் வெள்ளி காலை திரும்புவது. திங்கட்கிழமை அருங்காட்சியகமும் பல சாப்பாட்டுக் கடையும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாட்ரிட் கூட்டம். நடு வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்றைய சாப்பாடு என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்கள், இரண்டு வகை, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காப்பியோ, பன்னிரண்டிலிருந்து பதினைந்து யூரோவுக்குள் முடியும். நீங்களும் வீட்டுக்காரரும் அங்கே சாப்பிடலாம்.

கடைக்குள்ளே நுழைந்ததும் ‘புவெனோஸ் தியாஸ்’ சொல்லிவிட்டுத்தான் மற்றது, அதைச் சொல்லாமல் நேரே சாமானைத் தொடுகிற ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. இதை அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், கிணற்றைப் பற்றிக் கேட்கிற அளவுக்குப் பேச்சு வளராவிட்டாலும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

வைகைக்கரை:

ராத்திரிக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், பகல் வெயிலைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதிவேக ரயில் டிக்கெட் சீக்கிரம் எடுத்தால் மலிவு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரயில்வேயே ஒரு தள்ளுபடி அட்டை தருகிறது, அப்பா அம்மாவுக்கு அதனால் லாபமா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தம்பியைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.